அம்ரிதா ஷேர்-கில் யாரிடம் கற்றார்?



ஓவியமும் சிற்பமும் பயிலும் மாணவர்களுக்குப் பயன்படும்படி இளம் ஓவியர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த அறக்கட்டளையினர் கேட்டிருந்தார்கள். நான் தேர்ந்துகொண்டவர் பிறந்து நூறாண்டுக்கு மேலாகிறது. ஆனாலும் கடைசிவரை அவர் இளைஞராகவே இருந்தார். 1913 ஜனவரி 30 அன்று புடாபெஸ்ட் நகரில் பிறந்த அம்ரிதா ஷேர்-கில், 1941 டிசம்பர் 5 அன்று லாகூரில் இறந்தபோது அவருக்கு வயது 28. இந்த அரங்கில் முதுகலை படிக்கிறவர்களுக்கு அவர் ஓர் அக்காவின் வயதில் இருப்பார்.

அவரைப் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. அழகு, காதல்கள், துணிச்சல், அகால மரணம் என்று அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் ஓடுகிறது. அதில் சேர்க்க என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. ஓவியம் படிக்கிற ஒருவர் அம்ரிதாவிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. யாரிடம் கற்றீர்கள்? எதற்காக அவரிடம் போனீர்கள்? கற்ற பிறகு அங்கிருந்து எப்படி விலகினீர்கள்? தன் வேலையில் தீராத ஒரு சிக்கல் வரும்போதெல்லாம் அதற்கு விடை வைத்திருந்த ஆசானைத் தேடிப் போனவர் அவர் என்பது என் எண்ணம். ஆசான் என்று நான் சொல்வது பல இடங்களில் ஒரு சுவராகவும் குகையாகவும் கையகலத் தாளில் வரைந்த சித்திரமாகவும் இருக்கும்.

அப்பா உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீத்தியா பிரபுக் குடும்பத்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், புகைப்படக் கலையில் ஊறியவர். அம்மா மரீ அந்துவானெத் ஹங்கேரிக்காரர், பாடகி. முதல் உலகப் போர் முடியும்வரை ஹங்கேரியை விட்டு நகர முடியாமல் இருந்த குடும்பம் 1921-இல் சிம்லாவுக்கு வந்து சேர்ந்தது. சிறுமி அம்ரிதா தேவதைக் கதைகளுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தாய்மாமன் எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர், ஓவியமும் பயின்றவர். கற்பனையை ஒதுக்கிவிட்டுக் கண்முன்னால் இருப்பதைப் பார்த்து வரையச் சொன்னவர் அவர்தான். வீட்டில் வேலை செய்தவர்களை உட்காரவைத்து அம்ரிதா வரையத் தொடங்கினார். பின்னாளில் அவர் மலைநாட்டு எளிய மனிதர்களை அத்தனை பொறுமையோடு பார்த்ததற்கான கண் பயிற்சி இங்கே தொடங்கிவிட்டது.

1929-இல், 16 வயதில், பாரிஸ். முதலில் கிராந்த் ஷோமியேர் கலைக்கூடம், பிறகு எக்கோல் தே போசார் கல்லூரியில் லூசியன் சிமோனிடம் பயிற்சி. மேலைநாட்டு ஓவியக் கல்வியின் அடிப்படைகள் எல்லாம் அங்கே கிடைத்தன: உயிருள்ள மாடலை வைத்து வரைதல், உடலின் எலும்பும் தசையும், ஒளி விழும் பக்கமும் நிழல் விழும் பக்கமும், தைல வண்ணத்தைக் கையாளும் முறை. அவருடைய ‘இளம் பெண்கள்’ என்ற படம், 1932-இல் வரைந்தது, 1933-இல் பாரிஸின் பெரிய சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. தங்கை இந்திராவும் ஒரு தோழியும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் படம் அது. அந்தச் சலோன் அவரைத் துணை உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு 20 வயது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாணியையே பிடித்துக்கொண்டு பாரிஸில் வாழ்நாளைக் கழித்திருப்பார்கள்.

அந்தப் பாணி அவருக்குப் போதவில்லை. கல்லூரி கற்பித்ததைவிட அருங்காட்சியகங்களில் பார்த்த பிரெஞ்சு ஓவியர்கள் செஸானும் கோகானும் அவரை ஆழமாகத் தொட்டார்கள். செஸானிடம் அவர் கண்டது, நிறத்தாலேயே ஓர் உருவத்தைக் கட்டி எழுப்பும் வழி. கோகானிடம் கண்டது, நிழல் பூசாமல் பரப்பிய நிறம், அதில் கனத்து நிற்கும் பழுப்பு மேனி. ஆனால் கோகானை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. 1934-இல் ‘தஹிதியப் பெண்ணாக நான்’ என்று ஒரு தன்னுருவப் படம் வரைந்தார். இடுப்புக்கு மேல் ஆடையில்லாமல், கூந்தலை இழுத்துப் பின்னால் கட்டி நிற்கிறார். பார்வை படத்துக்கு வெளியே எங்கோ பதிந்திருக்கிறது. பின்சுவரில் ஓர் ஆணின் நிழல் விழுந்திருக்கிறது. கோகான் வரைந்த தீவுப் பெண்கள் நின்ற இடத்தில் தன்னையே நிறுத்தி, பார்க்கப்படும் உடல் என்ன நினைக்கும் என்பதை முகத்தில் எழுதிவிட்டார். தனக்கு மிகவும் பிடித்த ஓவியரை எதிர்த்துக் கேள்வி கேட்கும் இந்தத் தெம்பு 21 வயதில் அவருக்கு இருந்தது.

அந்த ஆண்டுதான் இந்தியாவுக்குத் திரும்பவேண்டும் என்ற விருப்பத்தைப் பெற்றோருக்கு எழுதினார். அப்பாவுக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. மகள் எழுதிய பதிலில் ஒரு கருத்து மிக முக்கியமானது. நவீன ஐரோப்பிய ஓவியம்தான் தனக்கு இந்திய ஓவியத்தையும் சிற்பத்தையும் புரியவைத்தது, ஐரோப்பாவுக்கு வராமல் இருந்திருந்தால் அஜந்தாவின் ஒரு சுவரோவியமும் கிமே அருங்காட்சியகத்தின் ஒரு சிறு சிற்பமும் மறுமலர்ச்சிக் காலம் முழுவதையும்விட மேலானவை என்று தான் உணர்ந்திருக்கவே மாட்டேன் என்கிறார். இதில் இளமைக்குரிய மிகை இருக்கலாம். ஆனால் ‘மேலைநாட்டுத் தாக்கமா, மண்ணின் மரபா’ என்று நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடக்கும் விவாதத்துக்கு இதில் விடை இருக்கிறது. ஒன்றின் வழியாகத்தான் இன்னொன்றை அவர் பார்த்தார். செஸான் பழக்கிய கண்ணால்தான் அஜந்தா தெரிந்தது.

1934 முடிவில் திரும்பியவர், அடுத்த ஆண்டு அமிர்தசரஸில் ‘மூன்று பெண்கள்’ படத்தை வரைந்தார். உறவுக்காரப் பெண்கள்தாம். சிவப்பும் பச்சையுமாக உடை, பின்னால் வெறும் சுவர். கதை சொல்லும் பொருள் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெண்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்பதைத் தாழ்ந்த கண்களும் சும்மா கிடக்கும் கைகளும் தோள்களின் சாய்வும் மட்டுமே சொல்கின்றன. 1937-இல் பம்பாய் ஓவியச் சங்கத்தின் தங்கப் பதக்கம் இதற்குக் கிடைத்தது. இதற்கு முன் சிம்லாவின் ஓவியச் சங்கம் அவர் அனுப்பிய படங்களில் பாதியைத் தள்ளிவிட்டு, எடுத்துக்கொண்டவற்றில் ஒன்றுக்குப் பரிசு கொடுத்தபோது, பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார். தன் நல்ல படங்களைத் தள்ளி, பழைய சலோன் முறையில் அமைந்ததைப் பாராட்டுகிறார்கள் என்பது அவருடைய கோபம்.

அவருடைய நம்பிக்கைகள் கூர்மையானவை. வங்காள ஓவியப் பள்ளியின் மங்கலான நீர்வண்ணக் கனவுகளை அவர் ஏற்கவில்லை. அஜந்தாவின் புறத்தோற்றத்தை எடுத்துக்கொண்டு எலும்பை விட்டுவிட்டார்கள் என்று கருதினார். சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் வெயிலும் அரண்மனையுமான இந்தியாவையும் வெறுத்தார். ஏழை மக்களின் வாழ்வை, அவர்களுடைய அமைதியை, கூரான பழுப்பு உடல்களின் விசித்திர அழகை ஓவியத்தின் மொழியிலேயே சொல்ல வேண்டும், கண்ணீர் வரவழைக்கும் கதையாகச் சொல்லக்கூடாது என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்ட விதி. ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீசுக்கும் பிராக்குக்கும் உரியது, இந்தியா எனக்கு மட்டுமே உரியது என்ற பொருளில் அவர் எழுதியதைப் பலரும் ஆணவம் என்கிறார்கள். எனக்கு அது பொறுப்பேற்பாகவே படுகிறது. இந்த நிலத்தைத் தைல வண்ணத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு அவர் முன்னால் பாதை இல்லை. அந்தத் தனிமையைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

ஆனால் 1936 வாக்கில் அவர் ஒரு சிக்கலில் மாட்டியிருந்தார். ‘மலைநாட்டுப் பெண்கள்’, ‘மலைநாட்டு ஆண்கள்’ ஆகிய படங்களைப் பாருங்கள். ஒவ்வோர் உருவமும் சிலையின் கனத்தோடு நிற்கிறது. ஆனால் உருவத்துக்கும் உருவத்துக்கும் நடுவே போக்குவரத்து இல்லை. ஒரு கூட்டத்தை எப்படி அடுக்குவது? சோகத்தை முகத்தில் ஏற்றாமல் அமைப்பிலேயே எப்படிக் கொண்டுவருவது? இந்தக் கேள்விகளோடுதான் அவர் தெற்கே புறப்பட்டார்.

1936 நவம்பரில் பம்பாயில் கண்காட்சி. அங்கேதான் விமர்சகர் கார்ல் கண்டாலாவாலாவின் நட்பு கிடைத்தது. பிறகு எல்லோரா, அஜந்தா. இந்தியா திரும்பியபின் பிறர் வேலையிலிருந்து தான் ஏதோ கற்றது இதுவே முதல்முறை என்று அஜந்தாவிலிருந்து வந்தபின் எழுதினார். ஹைதராபாத்தில் நவாப் சாலார் ஜங் அவருடைய படங்களை வரவழைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றையும் விலைக்கு வாங்காமல் திருப்பி அனுப்பினார். அதைத் தாண்டி திருவனந்தபுரம், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நம் கன்னியாகுமரி, கொச்சி. செம்மண், அதன்மேல் அடர்பச்சை, அந்தப் பச்சைக்கு முன்னால் வெள்ளைத் துணியும் கறுத்த மேனியும். பாரிஸில் தேடிக் கிடைக்காத நிறச் சேர்க்கை இங்கே சாலையோரத்தில் நடந்து போய்க்கொண்டிருந்தது. ‘பழம் விற்பவர்கள்’ என்ற படம் இந்தப் பயணத்தின் விளைச்சல்.

கொச்சியில் நடந்ததை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனை போர்த்துக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது, பின்னால் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்தது. அதன் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுக்க ஓடுகிறது. கீழ்த்தள அறைகளில் கோபியர் சூழ்ந்த கிருஷ்ணனும் சிவனும் மோகினியும் விலங்குகளும் இருக்கிறார்கள். காவி மஞ்சள், காவிச் சிவப்பு, பச்சை, கருப்பு, அப்புறம் சுண்ணாம்புச் சுவரின் வெள்ளை. இவ்வளவுதான் நிறம். சுவரில் ஒரு கையகல இடம்கூடக் காலியாக இல்லை. அத்தனை நெரிசலிலும் ஒவ்வொரு கோடும் தன் உடலை விட்டுப் பிசகுவதில்லை. பாரிஸ் சலோனில் பதக்கம் வாங்கியவர், ஆளரவமற்ற அந்த அரண்மனையில் நாள் முழுக்க உட்கார்ந்து இந்தச் சுவர்களைப் படி எடுத்தார். மாணவியாகவே உட்கார்ந்தார். பெயர் தெரியாத ஓவியர்களின் கைத்திறனைப் பற்றி வியந்து வியந்து எழுதினார்.

படி எடுப்பது என்றால் இன்று நம்மில் பலருக்குக் கொஞ்சம் இளக்காரம். சொந்தமாகச் செய்யத் தெரியாதவர் செய்யும் வேலை என்று நினைக்கிறோம். சுவரின் முன்னால் தாளை வைத்துக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கண்ணால் மட்டும் பார்க்கும்போது அந்தத் தோள் வளைவு அழகாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடுவோம். கையால் பின்தொடரும்போதுதான் தோள் வளைவு பக்கத்து உருவத்தின் இடுப்புக்கு எப்படி வழிவிடுகிறது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் பச்சைத் துண்டு எதற்காக அங்கே இருக்கிறது என்பதெல்லாம் பிடிபடும். அம்ரிதா கொண்டுபோனது அந்த அறிவை. மட்டாஞ்சேரியின் வீங்கிய கண்களையோ கிரீடங்களையோ அவர் படங்களில் எங்கும் காணமுடியாது.

சிம்லா திரும்பி 1937-இல் அவர் வரைந்த மூன்று படங்களைத் தென்னிந்திய வரிசை என்கிறார்கள்: ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’. மூன்றில் ‘பிரம்மச்சாரிகள்’ முன்னால் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். ஐந்து பேர் தரையில் அமர்ந்திருக்கிறார்கள். வெற்றுடம்பு, பூணூல், வெள்ளை வேட்டி. நடுவில் இருப்பவரின் மேனி வெளிறியது, மற்றவர்களுடையது மாநிறத்திலிருந்து கருமைவரை போகிறது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் ஒருவரைக்கூடப் படத்திலிருந்து எடுத்துவிட முடியாது. மடக்கிய முழங்கால்களின் கோடு ஒருவரிடம் தொடங்கி அடுத்தவரிடம் முடிகிறது. வேட்டிகள் எல்லாம் வெள்ளைதான், ஆனால் ஒன்றின் வெள்ளை இன்னொன்றில் இல்லை. ஒவ்வொன்றும் பக்கத்து உடலிலிருந்தும் தரையிலிருந்தும் கொஞ்சம் நிறத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது. மலைநாட்டுப் படங்களில் தனித்தனியாக நின்றவர்கள் இங்கே ஒரே மூச்சில் அமர்ந்திருக்கிறார்கள். அஜந்தாவும் மட்டாஞ்சேரியும் தீர்த்துவைத்தது இந்தச் சிக்கலைத்தான். சோகம் இருக்கிறது, ஆனால் எந்த முகமும் அதை நடிக்கவில்லை.

தமிழராக இந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குச் சில மனத்தடைகளும் உண்டு. சில வாரங்கள் வந்துபோன ஒருவரின் தெற்கு இது. இந்த மனிதர்கள் சிரிப்பதில்லை, சண்டை போடுவதில்லை, பேரம் பேசுவதில்லை. சந்தைக்குப் போகிறவர்கள் இவ்வளவு மௌனமாக நான் பார்த்ததில்லை. பிரபுக் குடும்பத்துப் பெண் ஏழைகளின் பொறுமையை அழகாகக் கண்டார் என்ற விமர்சனத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அவர் காலத்தில் கறுத்த மேனியை ஓவியத்தின் மையத்தில், அலங்காரமாகவோ வேடிக்கையாகவோ ஆக்காமல், அரசர்களுக்குக் கொடுக்கும் கனத்தைக் கொடுத்து நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? அந்த ஒன்றுக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

இந்த இடத்திலும் அவர் நிற்கவில்லை. 1938 முதல் அவர் நாடிப் போனது முகலாய, ராஜபுத்திர, பஹாடி நுண்ணோவியங்களை. குறிப்பாகப் பசோலிச் சித்திரங்களின் கொதிக்கும் சிவப்பும் மஞ்சளும் அவரைப் பிடித்துக்கொண்டன. கண்டாலாவாலா இந்த ஓவியங்களின் ஆய்வாளர், சேகரிப்பாளர். இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இதைப் பற்றி நிறைய இருக்கிறது. அம்ரிதாவின் பெரிய உருவங்கள் சுருங்கத் தொடங்கின. சுற்றிலும் வெளி திறந்தது. ‘கிராமக் காட்சி’, ‘பெண்கள் முற்றத்தில்’, ‘பச்சைக் குளத்தில் குளிக்கும் யானைகள்’ எல்லாம் இந்தக் காலத்தவை. 1938-இல் ஹங்கேரி போய், தாயின் சகோதரி மகனான மருத்துவர் விக்டர் ஈகனை மணந்து, 1939-இல் திரும்பி, கோரக்பூர்ப் பக்கம் சராயாவில் இருந்த குடும்பத்தின் சர்க்கரை ஆலைப் பண்ணையில் குடியேறினார். சோர்வும் தனிமையும் மிகுந்த காலம் அது. ஆனாலும் 1940-இல் ‘கட்டிலில் இளைப்பாறும் பெண்’, ‘ஊஞ்சல்’, ‘மஞ்சள் அரைப்பவர்கள்’ ஆகியவை வந்தன. கட்டிலில் படுத்திருப்பவளின் சிவப்புடையில் பசோலியின் வெப்பம் முழுவதும் இறங்கியிருக்கிறது. ஆனால் அவள் யாருக்காகவும் காத்திருக்கும் நாயகி அல்லள். பகல் வெயிலில் அலுத்துப்போய்க் கிடக்கும் ஒரு வீட்டுப் பெண்.

அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது இந்தக் கடைசிப் படங்களில் தெரிகிறது. நுண்ணோவியத்தின் தட்டையான வெளியையும் தைல வண்ணத்தின் கனத்தையும் ஒரே கான்வாஸில் சேர்த்துப் பிணைக்க வேண்டும், அதில் இன்றைய அன்றாடம் நிகழ வேண்டும். பாதி வழி வந்திருந்தார். 1941 செப்டம்பரில் லாகூருக்குக் குடிபெயர்ந்து, டிசம்பர்க் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது சில நாள் நோயில் இறந்துபோனார். வீட்டு மாடியிலிருந்து தெரிந்த கூரைகளையும் எருமைகளையும் வரைந்துகொண்டிருந்த படம் முடியாமல் நின்றது. முந்தைய படங்களைவிட அதில் உருவங்கள் இன்னும் கரைந்து, வெறும் நிறக் கட்டங்களாகிக்கொண்டிருந்தன. கண்காட்சி அவர் இல்லாமல் திறக்கப்பட்டது.

உயிரோடு இருந்தபோது விற்கத் திணறியவரின் ‘கதைசொல்லி’ 2023-இல் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. 1976 முதல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்கள், நாட்டை விட்டு வெளியே விற்க முடியாது. இதற்கு மேல் சந்தையைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. மாணவர்கள் டெல்லி போனால் ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்தில் அவருடைய படங்களின் பெருந்தொகுப்பைப் பார்க்கலாம். அச்சில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் வேறுபாடு அதிகம். முக்கியமாக, அந்த வெள்ளைகள் அச்சில் வருவதே இல்லை.

இந்த அறக்கட்டளையாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். அம்ரிதாவின் கடிதங்களையும் கட்டுரைகளையும் அவருடைய தங்கை மகனும் ஓவியருமான விவான் சுந்தரம் தொகுத்து 2010-இல் வெளியிட்டார். அதிலிருந்து ஒரு தேர்வையாவது தமிழில் கொண்டுவாருங்கள். ஓர் ஓவியர் தன் வேலையைப் பற்றி எப்படி யோசிக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல பாடநூல் மாணவர்களுக்குக் கிடைப்பது அரிது.

இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு சிறு மாணவர் குழுவை ஒரு சுவரோவியத்தின் முன்னால் ஒரு மாதம் தங்கிப் படி எடுக்க அனுப்புங்கள். இடத்துக்குப் பஞ்சமில்லை. சித்தன்னவாசல், காஞ்சிக் கைலாசநாதர் கோயில், திருப்புடைமருதூர்க் கோபுரம், ராமநாதபுரத்தின் ராமலிங்க விலாசம் எல்லாம் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. முதல் ஆண்டுக்கு விழுப்புரம் அருகே பனைமலையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பல்லவர் காலத்துத் தேவி ஒரு காலை மடித்துச் சுவரில் ஊன்றி, குடையின் கீழ் சாய்ந்து நிற்கிறாள். மிச்சம் இருப்பது அதிகமில்லை, அதனால் மாணவர்களுக்கு ஒரு மாதம் போதும். தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்குவதைக் கல்லூரி நிர்வாகம் ஏற்றுக்கொள்ள வேண்டும், தங்குமிடமும் சாப்பாடும் அறக்கட்டளையின் பொறுப்பாக இருக்கட்டும். எடுத்த படிகளை அடுத்த ஆண்டு இதே அரங்கில் காட்சிக்கு வைத்து, வரைந்தவர்களையே பேசச் சொல்லுங்கள். சொற்பொழிவாளர் ஒருவரை வெளியூரிலிருந்து அழைப்பதற்கு ஆகும் செலவு அந்த ஆண்டு மிஞ்சும், அதையும் அவர்களுக்கே வண்ணமும் தாளும் வாங்கக் கொடுத்துவிடலாம்.